பிள்ளை விருத்தியும் குடும்ப அறிவியலும்

பிள்ளை வளர்ப்பதற்கும் ஒரு பட்டம் வேண்டுமா என்னும் வினா, இத்துறை தோன்றிய நாள்முதல் அதனைப் பின்தொடர்ந்து வருகின்றது. வினாவில் ஏளனம் கலந்திருப்பினும் அதனை நாம் புறக்கணித்தல் தகாது. தாய்மாரும் பாட்டிமாரும் எவ்விதச் சான்றிதழுமின்றிச் செய்துவந்த ஒன்றினைப் பல்கலைக்கழகம் ஏன் பாடமாக்கவேண்டும்? தன் பிள்ளையை வளர்ப்பது வேறு. பிறர் பிள்ளையின் வாழ்வு பற்றித் தீர்மானிப்பது வேறு. முன்னையதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பின்னையதைத் தொழிலாகக் கொள்வோர் எதனைக் கற்கவேண்டும் என்பதையே ஈண்டு நோக்குகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவில் இத்துறை மனைப்பொருளியலை அண்டியே வளர்ந்தது. சமையல், தையல் என்பவற்றோடு பிள்ளைப் பராமரிப்பும் ஓர் அலகாக இருந்த நிலை மாறுவதற்குத் துணைநின்றவர்களுள் ஐயோவா மாநிலத்துக் கோரா பசி ஹில்லிஸ் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். தம் பிள்ளைகள் சிலரைப் பறிகொடுத்த அவர், சோளத்தையும் பன்றியையும் ஆராய்ச்சியினால் மேம்படுத்தும் அரசு, பிள்ளைகளை அவ்வாறு ஆராயாதது ஏன் எனக் கேட்டார். ஒப்புமை கரடுமுரடானதுதான், ஆனால் விவசாய மாநிலமொன்றின் சட்டசபைக்கு அது நன்கு விளங்கிற்று. 1917 இல் ஐயோவாப் பல்கலைக்கழகத்திற் பிள்ளை நல ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

அந்நிலையத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஹரல்ட் ஸ்கீல்ஸ் 1930களிற் கண்ட நிகழ்ச்சியொன்றை இத்துறை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. நெரிசல் மிக்க அனாதை இல்லமொன்றிலிருந்த, ஒன்றரை வயதும் நிரம்பாத இரு பெண் குழந்தைகள் அறிவு குன்றியோரெனக் கணிக்கப்பட்டு, அறிவு வளர்ச்சி குன்றிய பெண்கள் தங்கும் நிலையமொன்றுக்கு அனுப்பப்பட்டனர். சில மாதங்களின் பின் அங்குச் சென்ற ஸ்கீல்ஸ், ஓடியாடிச் சிரித்து விளையாடும் இரு குழந்தைகளைக் கண்டார். மருந்தோ விசேட போதனையோ அளிக்கப்படவில்லை. அங்கிருந்த பெண்கள் அவர்களைத் தம் பிள்ளைகளாகவே பாவித்துத் தூக்கியும் பேசியும் விளையாட்டுக் காட்டியும் வந்தனர், அவ்வளவே. பின்னர், இவ்விருவர் உட்பட 13 குழந்தைகள் அத்தகைய சூழலில் வைத்து அவதானிக்கப்பட்டனர். அவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக ஏறத்தாழ 28 புள்ளிகள் உயர்ந்தது. அனாதை இல்லத்திலேயே தங்கிய 12 பேரின் ஈவோ ஏறத்தாழ 26 புள்ளிகள் வீழ்ந்தது.

1939 இல் வெளியான இம்முடிவினை அக்காலத்து நுண்ணறிவுச் சோதனை வல்லுநர் சிலர் எள்ளி நகையாடினர். பிறப்பிலமைந்த அறிவு வளர்ப்பினால் மாறாதென்பது அவர்தம் கொள்கை. கண்டனம் முழுவதும் ஆதாரமற்றதன்று. குழுக்கள் எழுமாற்றாகப் பிரிக்கப்படவில்லை, தொகையும் மிகச் சிறிது. ஆயினும், வளர்ந்தோராகிவிட்ட அவர்களைத் தேடிக் கண்டு ஸ்கீல்ஸ் 1966 இல் வெளியிட்ட தொடராய்வு வாயடைக்கச் செய்வதாகும். முதற் குழுவினர் அனைவரும் பிறர் தயவின்றி வாழ்ந்தனர். அவர்களது கல்வியின் இடையம் 12ஆம் வகுப்பு. மற்றைக் குழுவினரின் இடையம் மூன்றாம் வகுப்பையும் எட்டவில்லை. எழுமாற்றுப் பிரிப்பின்மை என்னும் குறையை நீக்கிய ஆய்வொன்று 2000 இல் ருமேனியாவின் புக்காரெஸ்ற் நகரில் ஆரம்பமாயிற்று. விடுதிகளிலிருந்த 136 பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தோரிடம், சிறப்பாகப் பற்றுணர்வில், மீட்சி அதிகமாகக் காணப்பட்டது.

பல்கலைக்கழகங்களும் இவ்வுண்மையை உடனே உணர்ந்துவிடவில்லை. கோர்னெல் பல்கலைக்கழக மனைப்பொருளியல் மாணவியர் 1920கள் தொடக்கம் பல ஆண்டுகளாகப் பயிற்சி வீடுகளில் உண்மையான கைக்குழந்தைகளை முறைவைத்துப் பராமரித்தனர். பாலும் உறக்கமும் நேரந்தவறாது கிடைத்தன. தூக்கும் கைகள் மட்டும் மாறிக்கொண்டேயிருந்தன. அம்முறை கைவிடப்பட்டமை நன்றே.

இன்றைய பட்டநெறிகளில் விருத்திக் கோட்பாடுகள், குடும்ப உறவுகள், போசாக்கு, குடும்பச் சட்டம், ஆய்வு முறையியல் ஆகியன பொதுவாக இடம்பெறுகின்றன. இவற்றை நூல்களிலும் கற்கலாம். நூலிற் கற்கவியலாதது அவதானம். பல்கலைக்கழகத்தோடிணைந்த ஆய்வு முன்பள்ளிகள் இதற்கெனவே அமைந்தவை. "சிறுவன் கோபங்கொண்டான்" என்று மாணவர் எழுதினால் அது அவதானமன்று, தீர்ப்பாகும். "கட்டையை நிலத்தில் எறிந்தான்; எறிந்தவுடன் ஆசிரியையின் முகத்தை நோக்கினான்" என்று எழுதுதலே அவதானம். அவன் கோபத்தால் எறிந்தானா, கவனத்தை நாடி எறிந்தானா, கட்டை விழும் ஓசையை அறிய எறிந்தானா என்பது மேலும் பலமுறை பார்த்த பின்னரே புலப்படும். முதலாண்டு மாணவர்க்கு இப்பயிற்சி சலிப்பூட்டுவது இயல்பு. ஆயினும் இதைத் தவிர்த்துப் பெறும் பட்டத்தை நாம் பெரிதாக மதிப்பதற்கில்லை.

தொழில்களைப் பொறுத்தவரை, முன்பள்ளி ஆசிரியம் மாத்திரமே பலரது நினைவுக்கு வருகின்றது. 1965 இல் அமெரிக்காவில் ஆரம்பமான ஹெட் ஸ்ராட் திட்டம் அத்தொழிலை விரிவடையச் செய்தது உண்மையே. எனினும் வேறு துறைகளும் உள. அந்நாட்டு வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளைக்கு விளையாட்டின் மூலம் அதனை விளக்கி அச்சம் தணிப்போர் உளர். அவர்கள் பயிற்சியும் பரீட்சையும் முடித்துச் சான்று பெறவேண்டும். விருத்தி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று பெற்றோருக்கு வழிகாட்டுவோர், குடும்ப வாழ்க்கைக் கல்வி அளிப்போர், சிறுவர் பாதுகாப்புப் பணியாளர் ஆகியோரும் இப்பட்டத்திலிருந்து உருவாகின்றனர். உளவியல் சிகிச்சையாளராகவோ பேச்சுச் சிகிச்சையாளராகவோ வர விரும்புவோர்க்கு இது வாயில் மட்டுமே, மேற்பட்டம் இன்றியமையாதது. முன்பள்ளிப் பணிக்கான ஊதியம் பாடசாலை ஆசிரியர் ஊதியத்திலும் குறைவாயிருத்தல் அங்கும் நீடிக்கும் குறையாகும். இதனைச் சேருமுன்பே மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இலங்கையில் இவ்வறிவு மிகுதியும் வேண்டப்படும் இடம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பணியாகும் என்பது எமது துணிபு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் நிறுவப்பெற்றது. எனினும் ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதா, இல்லத்துக்குச் செல்வதா என்னும் நீதவானின் கட்டளை, உத்தியோகத்தர் ஒருவரின் அறிக்கையையே பெரிதும் சார்ந்திருக்கின்றது. நம் சிறுவர் இல்லங்களில் வாழ்வோருட் பலருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உளர். வறுமையும் போரும் தாய்மாரின் வெளிநாட்டு வேலையும் அவர்களை அங்கே கொண்டுசேர்த்தன. வீட்டுக்குச் செல்லும் உத்தியோகத்தர் கூரையையும் வருமானத்தையும் குறித்துக்கொள்வார். அழும்போது அப்பிள்ளை யாரிடம் ஓடுகின்றது, அம்மம்மாவின் உடல்நிலை இன்னும் எத்தனை ஆண்டு இடங்கொடுக்கும், மாதாந்த உதவித்தொகை கிடைப்பின் பிரிவைத் தவிர்க்கலாமா என்பனவும் அதே அறிக்கையில் இடம்பெறவேண்டியவை.