உங்களுக்குத் தெரியுமா? தனிமை விரும்பிகளின் தலைநகரம் புதுவை!

காலை நேரத்தில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்களா? மீன்காரம்மாக்களின் கூவல், மல்லிகையை முழம் போடும் வேகம், கத்தரிக்காய்க்கு நடக்கும் பேரம்... காதே அடைத்துப்போகும்! 'கூட்டம்னாலே எனக்கு ஆகாது' என்பவரா நீங்கள்? கவலையே வேண்டாம். இந்த ஊரே உங்களுக்குத்தான்!

★ மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகலாம், தாவரவியல் பூங்காவுக்கு! பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் உருவாக்கியது. பரப்பு 22 ஏக்கர். ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய நிழல்!

★ 1908-ல் புதுவைக்கு வந்த பாரதியார் 10 ஆண்டுகள் இங்கேயே தங்கினார். வெளியே போனால் ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள்! கவிஞரோ மாந்தோப்பைத் தேடிப் போய்விடுவார். அங்கே பிறந்ததுதான் 'குயில் பாட்டு'! அந்த இடத்துக்கு இன்று பெயரே குயில்தோப்பு!

★ 1926 நவம்பர் 24. அன்று புதுவையில் தனிமைக்குள் போனார் யோகி ஸ்ரீஅரவிந்தர். 1950 டிசம்பர் 5-ல் மறையும்வரை அதே தனிமைதான். தரிசனம் தந்தது ஆண்டில் சில நாட்கள் மட்டுமே. முழுசாக 24 ஆண்டுகள்! அந்தத் தனிமையில் வளர்ந்த 'சாவித்ரி' காவியம் ஏறக்குறைய 24,000 வரிகள்!

★ கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்குத் தடை! மறுநாள் காலை 7.30 வரை ஹாரன் தொல்லை கிடையாது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கருங்கல் பாறைகளில் அலை மோதும் சத்தம் மட்டும்தான்!

★ 1968-ல் புதுவைக்கு அருகே ஆரோவில் நகரம் தொடங்கியபோது அங்கே இருந்தது வெறும் செம்மண் பொட்டல். இன்று அடர்ந்த காடு! நடுவில் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபம். அதன் உள்ளறையில் 70 செ.மீ. விட்டமுள்ள ஸ்படிக உருண்டை. அங்கே பேசவே கூடாது. தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்!

★ புதுவையின் மிகப் பெரிய ஏரி ஊசுட்டேரி. 2008-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. பட்ட மரக்கிளையில் நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயில் காயும் அழகை ரசிக்கத் துணை எதற்கு? சத்தம் போட்டால் பறந்தே போய்விடும்!

★ சும்மா தனியாக இருப்பது எளிதா? 2014-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. 15 நிமிடம் வெற்று அறையில் தனியே உட்கார வேண்டும். பக்கத்தில் ஷாக் கொடுக்கும் பட்டன். 18 ஆண்களில் 12 பேர் பொறுக்க முடியாமல் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள்! ஒருவர் மட்டும் 190 முறை! தனிமையை ரசிக்கத் தெரிந்தவர்களே, நீங்கள் கெட்டிக்காரர்கள்!

★ பூங்கா, கடற்கரை, ஏரி என்று ஏன் போக வேண்டும்? இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் நடந்த ஆய்வு, 2019-ல் வெளிவந்தது. வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிட அதிக நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் போனாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி!

கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 18 நிமிடம்கூட ஆகாது! செல்போனை வீட்டில் வைத்துவிட்டு இன்றே கிளம்புங்கள்!