மத்தவிலாசமும் மாயக்காரரும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஊழியஞ்செய்யும் போதகர் பலர், செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊரைக் கடந்திருப்பர். அங்குள்ள குடைவரைக் கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் அமைத்ததாக விசித்திரசித்தன் என்னும் பெயர் பூண்ட மன்னன் கல்வெட்டில் அறிவிக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனே அவன். சமயவாதிகளின் போலித்தனத்தை நகையாடும் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நாடகத்தை இயற்றியவனும் அவனே. கோயில் எடுத்த கை, பரிகாச நாடகத்தையும் எழுதியது ஏன் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

கதை காஞ்சியில் நிகழ்கிறது. சத்தியசோமன் என்னும் காபாலிகன், துணைவி தேவசோமையுடன் மதுவுண்டு திரிகையில், பிச்சையேற்கும் மண்டையோட்டை இழந்துவிடுகிறான். அவ்வழியே வந்த பௌத்த பிக்கு நாகசேனன்மீது திருட்டுப்பழி சுமத்துகிறான். பிக்கு திருடவில்லை, ஆயினும் அவன் தூயவனுமல்லன். மதுவையும் மாதரையும் அனுமதிக்கும் விதிகளை மூத்த பிக்குகள் பொறாமையால் மறைத்துவிட்டனரோ என்று அவன் உள்ளம் ஏங்குகிறது. வழக்கைத் தீர்க்க வரும் பாசுபதனும் தன்னலமற்றவனல்லன். இறுதியில் பித்தன் ஒருவன், நாயிடமிருந்து பறித்த மண்டையோட்டைக் கொண்டுவருகிறான்.

நம் திருமறையில் 'மாயக்காரர்' என வரும் இடத்துக் கிரேக்கச் சொல்லான 'ஹுப்போக்ரிட்டேஸ்' என்பது, மேடை நடிகனையும் குறிப்பதாகும். ஆகவே வேடத்தைக் கலைக்க மேடையே ஏற்ற இடம் எனலாம். பிரான்சில் மோலியேர் 1664இல் அரங்கேற்றிய 'தார்த்தூஃப்' என்னும் நாடகம், பக்தி வேடமிட்டு ஒரு குடும்பத்தைச் சூறையாட முனையும் வஞ்சகனைக் காட்டியது. 1667இல் பாரிஸ் பேராயர், அதைக் காண்போரும் சபைநீக்கம் பெறுவர் என எச்சரித்தார். தடை 1669இல் நீங்கியது. 1985இல் பிபிசி அதனைத் தொலைக்காட்சி நாடகமாகவும் அளித்தது.

இவ்விரு நாடகங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தார்த்தூஃப் பிறரை ஏமாற்றுகிறான். சத்தியசோமனும் நாகசேனனும் தங்களையே ஏமாற்றிக்கொள்கின்றனர். பின்னதே ஊழியர்க்கு அதிக ஆபத்தானது. மேலும், காபாலிகமும் பாசுபதமும் சைவப் பிரிவுகள். மன்னனும் சைவனாகவே அறியப்படுகிறான். அவன் பௌத்தனை மட்டும் பழித்திருந்தால், நாடகம் வெறும் சமயப்பூசலாய் முடிந்திருக்கும். தன் வீட்டாரையும் நகைத்ததால் அது உண்மையாயிற்று.

நாமோ பரிசேயனும் ஆயக்காரனும் பற்றிய உவமையைப் பிரசங்கித்துவிட்டு, பரிசேயனைப்போல் நாம் இல்லையே என்று மனநிறைவோடு பீடத்தினின்று இறங்குகிறோம். அக்கணமே அவனுடைய ஜெபம் நம்முடையதாகிறது. பிற சபையாரின் வேடத்தைச் சுட்டும் பிரசங்கத்தை ஆயத்தஞ்செய்யுமுன், காணாமற்போன நம் ஓட்டை அயலானின் அங்கிக்குள் தேடுகிறோமா என்று நம்மையே வினவிக்கொள்வோமாக.