தடை வரப்போகுதுன்னு துப்பாக்கி வாங்கலாமா?

நீங்க அமெரிக்காவில் சம்பளம் வாங்குற ஒரு இளைஞர்னு வச்சுக்கோங்க. "தடை வருதாம்"னு கேட்டதும் கிரெடிட் கார்டை எடுப்பீங்களா?

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. உடனே தடைப் பேச்சு. கடைகளில் கூட்டம், ஏஆர்-15 விலை எகிறியது. 2013 ஏப்ரலில் தடைத் திட்டம் செனட்டில் 40-60 எனத் தோற்றது. விலையும் இறங்கியது.

ஆனா 1994-ல் தடை நிஜமாவே வந்தது. 2004 வரை நீடித்தது. அதனால யூகம் உதவாது.

கேள்வி ஒண்ணுதான்: தடைப் பேச்சே இல்லைன்னா, இந்த விலைக்கு வாங்குவீங்களா? பூட்டுப் பெட்டி, பயிற்சி, தோட்டா செலவையும் சேருங்க. வீட்டில் குழந்தை இருந்தா, இன்னும் ஒருமுறை யோசிங்க.

"கடைசி வாய்ப்பு"ன்னு விற்கிற எதுக்கும் இதே கேள்விதான்.