ஓராள் நகைப் பட்டறை

கல் வைத்த வெள்ளி நகைகளைத் தனியொருவராகக் கையால் செய்து விற்கும் தொழிலுக்கு ஒரு மேசை போதும். வீட்டின் மாடி அறையோ பின்கட்டோ பட்டறை ஆகிவிடும். வடிவம் வரைபவர், கல் வாங்குபவர், வெள்ளியைப் பற்றவைப்பவர், கல் பதிப்பவர், படம் எடுப்பவர், பார்சல் கட்டுபவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் ஒரே ஆள்தான். மரபான நகைத் தொழில் இப்படி நடப்பதில்லை. கோயம்புத்தூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் கம்பி இழுக்க ஒருவர், கல் பதிக்க ஒருவர், மெருகு போட ஒருவர் என்று வேலை பிரிந்தே போகிறது. பிரிந்து கிடந்த இத்தனை வேலைகளும் ஒரு ஜோடிக் கைகளில் வந்து சேர்வதால், ஓராள் தொழிலில் கல்லையும் வெள்ளியையும் விட அருமையான சரக்கு நேரம்.

கல் வேலைக்கு இந்த மண்ணில் நெடிய வரலாறு உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில், பெரில், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மணிகள் செய்த தடயங்கள் கிடைத்தன. துளையிடாத மணிகளும் செதுக்கிய சில்லுகளும் அங்கே தொழில் நடந்ததற்குச் சாட்சி. பெரில் பக்கத்திலிருக்கும் படியூரில் கிடைத்தது. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆக, நல்ல கல்லைத் தேடிப் பிடித்து வாங்குவது அன்றைக்கே கைத்திறனில் பாதியாக இருந்திருக்கிறது.

இன்றும் அப்படித்தான். காங்கேயம், கரூர் வட்டாரத்தில் சந்திரகாந்தக்கல்லும் பளிங்கு வகைகளும் கிடைக்கின்றன. அகேட்டுக்கும் சூதுபவளத்துக்கும் குஜராத்தின் கம்பாத் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். பட்டை தீட்டிய வண்ணக் கற்களுக்கு ஜெய்ப்பூர்தான் இந்தியாவின் பெரிய சந்தை; அங்கே ஜோஹரி பஜாரில் கல் பொட்டலங்கள் கை மாறுகின்றன. விலை உயர்ந்த கற்களைக் காரட் கணக்கில் விற்பார்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். தங்கத்தில் '22 காரட்' என்பது தூய்மையின் அளவு, கல்லில் காரட் எடையின் அளவு. பெயர் ஒன்றாக இருப்பதால் வாங்குபவர் குழம்புவது வழக்கம். அதைத் தெளிவாக்கிச் சொல்வது விற்பவர் பொறுப்பு.

கல்லின் அழகு கண்ணுக்குத் தெரியும், உறுதி தெரியாது. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோல் இன்றும் பட்டறையில் உதவுகிறது. அதில் வைரம் 10, மாணிக்கமும் நீலக்கல்லும் 9, புஷ்பராகம் (டோபாஸ்) 8, செவ்வந்திக்கல் உள்ளிட்ட பளிங்கு வகை 7. சந்திரகாந்தக்கல் 6 அளவிலும், முத்தும் பவளமும் 4க்குப் பக்கத்திலும் அதற்குக் கீழும் நிற்கின்றன. இதில் 7 என்ற எண்ணை மறக்கவே கூடாது. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளும் பளிங்குதான். ஏழுக்குக் கீழுள்ள கல்லைத் தினமும் துணியால் துடைத்தாலே மெல்ல மெல்லக் கீறல் விழுந்து ஒளி மங்கும். மென்மையான கற்கள் காதணிக்கும் பதக்கத்துக்கும் ஏற்றவை, அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு ஆகாதவை என்று சொல்வதன் காரணம் இதுதான். கடினமாக இருந்தாலே கல் உடையாது என்றும் எண்ணிவிடக் கூடாது. புஷ்பராகம் 8 அளவு கடினமானது. ஆனால் ஒரு தளத்தில் அடி விழுந்தால் பிளந்துவிடும். சந்திரகாந்தக்கல்லுக்கும் அப்படிப் பிளக்கும் தளங்கள் உண்டு. பதிக்கும்போது விளிம்பில் ஒரு நூல் அழுத்தம் கூடினால் போதும், ஓரம் தெறித்துவிடும்.

சந்தைக் கற்களில் பெரும்பகுதி மனிதக் கை பட்டவை. செவ்வந்திக்கல்லைச் சூடாக்கினால் மஞ்சள் சிட்ரின் ஆகிறது. நீல டோபாஸின் நிறம் பெரும்பாலும் கதிர்வீச்சாலும் சூட்டாலும் வந்தது. கறுப்பு ஓனிக்ஸ் பெரும்பாலும் சாயம் ஏற்றியது. டர்காய்ஸ் என்ற பெயரில் சாயமிட்ட வெள்ளைக் கல் தாராளமாக விற்கிறது. மரகதத்தின் உள்வெடிப்புகளை எண்ணெயால் மறைப்பது பழைய வழக்கம். மலிவு மாணிக்கங்களின் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பப்பட்டிருக்கும், அதில் எலுமிச்சைச் சாறு பட்டாலே கண்ணாடி அரித்துக் கல் வெளுத்துப்போகும். சூடாக்கியதோ சாயமிட்டதோ பாவமில்லை, அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. பெரிய கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு, பரிசோதனைச் சான்று உண்டு. தனியாளுக்கு இருப்பது சொல் ஒன்றுதான். கல்லின் பெயரையும், அது பெற்ற பக்குவத்தையும், பராமரிக்கும் முறையையும் சிறு அட்டையில் எழுதி நகையோடு வைத்தால் அந்தச் சொல் நிலைக்கும்.

செய்யும் முறைக்கு வருவோம். கல்நகைக்கு வழக்கமாக எடுப்பது 925 வெள்ளி, அதாவது 92.5 விழுக்காடு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மிக மென்மையானது. மோதிர வளையத்துக்குத் தாங்காது. அந்த மென்மையே கல்லைச் சுற்றி வேலி கட்டும் மெல்லிய தகட்டுக்குப் பொருந்துகிறது. தூய வெள்ளித் தகட்டைக் கல்லின் அளவுக்கு வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, அடித்தகட்டில் நிறுத்துகிறார்கள். ராசிக்கல் கேட்பவர்கள் கல் உடம்பில் பட வேண்டும் என்று விரும்புவதால், அவர்களுக்கு அடித்தகட்டில் துளை விட்டுச் செய்வார்கள். பிறகு வளையத்தைச் சேர்த்து, அரத்தால் ராவி, மெருகிட்டு, கடைசியில்தான் கல்லை உள்ளே இறக்கி, தகட்டின் விளிம்பை நாற்புறமும் மாற்றி மாற்றி அழுத்தி மடிக்கிறார்கள். நெருப்பு வேலை முழுவதும் முடிந்த பிறகே கல் வரும் என்பது இந்தத் தொழிலின் மாறாத வரிசை. முத்தும் ஓப்பலும் டர்காய்ஸும் சுடரைத் தாங்கா. எண்ணெய் ஏற்றிய மரகதமும் தாங்காது.

பற்றவைப்புக்குத் தட்டார்கள் சொல்லும் சொல் 'பொடி'. வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை அது. இணைப்பில் வெண்காரத்தைத் தடவி, பொடி வைத்து ஊதுவார்கள். பேச்சில் உட்பொருள் வைப்பதைப் 'பொடி வைத்துப் பேசுவது' என்கிறோமே, இணைப்பில் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் இந்தப் பொடி அதற்குப் பொருத்தமான படிமம். வெள்ளி சூட்டை மிக வேகமாகக் கடத்தும். இணைப்பை மட்டும் சுட்டால் பொடி உருகாது. நகை முழுவதும் சூடேறிய பிறகே சுடரை இணைப்புக்குக் கொண்டுவர வேண்டும். தூய வெள்ளி உருகும் வெப்பம் சுமார் 962 டிகிரி செல்சியஸ், 925 வெள்ளி அதற்கும் முன்பே, சுமார் 800இல் இளகத் தொடங்கிவிடும். ஒரு கணம் கூடுதலாக ஊதினால் வேலி சரிந்து உருண்டையாகிவிடும். அரை நாள் வேலை போச்சு. காட்மியம் கலந்த பொடி எளிதாக ஓடும் என்பதால் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. தங்கநகைக் கடைகளில் கேட்கும் 'கேடிஎம்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அதன் புகை நுரையீரலைக் கெடுப்பது. மூடிய அறையில் தனியாக வேலை செய்பவர் காட்மியம் இல்லாத பொடியைக் கேட்டு வாங்கியே தீர வேண்டும்.

பெரும்பாலான தனியாள் தொழில்கள் தடுமாறுவது விலை வைப்பதில். தங்கநகைக் கடை எடைக்கு விலை போட்டு, அதன்மேல் சேதாரம், செய்கூலி என்று விழுக்காட்டில் ஏற்றுகிறது. உலோகமே விலையில் பெரும்பகுதி என்பதால் அங்கே அந்த முறை செல்லும். வெள்ளிக் கல்நகைக்கு அதே கணக்கைப் போடுபவர் தன் கூலியைத் தானே அழித்துக்கொள்கிறார். ஒரு சந்திரகாந்தக்கல் மோதிரத்தைப் பார்ப்போம். கணக்குக்காக வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று கொண்டால், 6 கிராமுக்கு 1,200 ரூபாய். கல் 400. வாயு, பொடி, மெருகுப் பொருள், பெட்டி எல்லாம் சேர்த்து 150. வேலை நான்கு மணி நேரம். செய்கூலியை வெள்ளி விலையில் 15 விழுக்காடு என்று வைத்தால் 180 ரூபாய்தான் வருகிறது. மணிக்கு 45 ரூபாய்!

தலைகீழாகத் தொடங்குவதே சரி. வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வேண்டும், மாதத்தில் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் உழைப்பு என்றால் மொத்தம் 200 மணி நேரம். இதில் பாதியாவது படம் எடுக்க, விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல, கூரியர் அலுவலகம் போய்வர, கல் தேட, கணக்கு எழுத என்று கரைந்துவிடும். மேசையில் சம்பாதிக்கும் நேரம் 100 மணிதான். ஆகவே மேசை மணி ஒன்றுக்கு 250 ரூபாய் வர வேண்டும். மோதிரத்தின் நான்கு மணிக்கு 1,000. பொருள் 1,750, கூலி 1,000, ஆக 2,750. வாடகை, கருவித் தேய்மானம், உருகிப்போன துண்டு, உடைந்த கல், விற்காமல் கிடக்கும் சரக்கு ஆகியவற்றுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 3,160 ரூபாய். இதற்குக் கீழே விற்கும் ஒவ்வொரு மோதிரமும் வாங்குபவருக்குத் தெரியாமல் கொடுக்கும் தானம்தான். கடைக்காரருக்கோ கண்காட்சி ஏற்பாட்டாளருக்கோ கழிவு கொடுக்க வேண்டியிருந்தால் அது 3,160க்கு மேலிருந்துதான் வர வேண்டும், கூலியிலிருந்து அல்ல. இந்த விலைக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால், இரண்டரை மணி நேரத்தில் முடியும்படி வடிவத்தை எளிதாக்குவதே வழி. விலையைக் குறைத்து இரவும் விழிப்பது வழியாகாது.

பணம் முடங்கும் இன்னொரு இடம் கல் டப்பா. அழகான கல்லைப் பார்த்தால் கை நிற்காது, ஓராண்டில் டப்பா நிறைந்து கையிருப்புக் காலியாகிவிடும். எந்த நகைக்கு என்று தெரியாத கல்லை வாங்காமலிருப்பது நல்ல கட்டுப்பாடு. வாடிக்கையாளர் தனியாகக் கேட்கும் வேலைக்கு, குறைந்தது பொருள் விலையையாவது முன்பணமாக வாங்கிய பிறகே கல் எடுப்பது தொழிலைக் காக்கும்.

விற்பனை இப்போது பெரும்பாலும் கைபேசி வழியாக நடக்கிறது. இயற்கைக் கல் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. ஆகையால் அனுப்பப்போகும் அதே கல்லைப் படம் எடுக்க வேண்டும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஒன்று, மஞ்சள் விளக்கில் ஒன்று, விரலில் அணிந்த நிலையில் ஒன்று என்று மூன்று படங்கள் இருந்தால் நிறம் பற்றிய மனத்தாங்கல் பெரிதும் குறையும். மோதிர அளவில் வரும் தவறு அதைவிடச் செலவானது. அளவை மாற்ற மறுபடி நெருப்புக் காட்ட வேண்டும், அதற்குக் கல்லைக் கழற்ற வேண்டும். வேலியைத் திறக்கும்போதே பல சமயம் தகடு கிழிந்துவிடும். பலர் வளையத்தின் பின்பக்கம் திறந்த, இழுத்துச் சரிசெய்யும் மோதிரங்களுக்கு மாறியதற்கு இதுவே காரணம்.

அரசுப் பதிவுகளில், சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு, அது ஒரு மேசையையும் கருவிகளையும் தொடக்க வெள்ளியையும் வாங்க உதவும். நகைக்கு ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கு ஒரு தோடு அனுப்பினாலே நிலைமை வேறு: அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கான சலுகை தவிர, வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பவர் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு செய்ய வேண்டும். கணக்காளர் ஒருவரிடம் இதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. வெள்ளிக்கு அது விருப்பத்தின் பேரில் நடக்கிறது. முத்திரை இல்லாதபோது வெள்ளியை நம்பகமான வணிகரிடம் ரசீதோடு வாங்கி, அந்த ரசீதைப் பாதுகாப்பதுதான் தரத்துக்குச் சான்று.

எஞ்சியிருப்பது உடம்பு. கல்லைத் தேய்க்கும்போது எழும் பளிங்குத் தூசி நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தருவது. ஈரமாக வைத்தே தேய்ப்பதும் முகக்கவசமும் இதில் தவிர்க்க முடியாதவை. பற்றவைத்த வெள்ளியைச் சுத்தம் செய்ய அமிலத்தில் ஊறவைக்கும் வேலையைத் திறந்த ஜன்னலருகே செய்ய வேண்டும். மார்பு உயரத்தில் மேசை, நேரடி வெளிச்சம், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தைப் பார்ப்பது ஆகியவை முதுகையும் கண்ணையும் காக்கும். ஓராள் பட்டறையில் விடுப்பில் போனால் வேலையை ஏற்க வேறு ஆள் கிடையாது. ஆர்டர் கூடும்போது முதலில் வெளியே கொடுக்கத்தக்கது மெருகு வேலை, அடுத்து பார்சலும் கணக்கும். கல் தேர்வையும் பதிப்பையும் பெரும்பாலோர் கடைசி வரை தம் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.