சாவி இல்லாமல் திறந்த கதவு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கதை விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் நாலு வரி எழுத்து; அதன் கீழே ‘கிணற்றுக்குள் எட்டிப் பார்’, ‘கோயில் பக்கம் போ’ என்று இரண்டு வழிகள். எதைத் தொடுகிறோமோ கதை அந்தப் பக்கம் திரும்பும்.

இதற்கு வித்திட்டவர் வில் கிரௌதர் என்ற அமெரிக்கர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவதில் ஆர்வம் கொண்டவர். 1970களின் நடுவில், மணவிலக்குக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடுவதற்காகக் கென்டக்கியின் மாமத் குகையை வைத்து ஒரு விளையாட்டை எழுதினார். 1977-ல் டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். ஓர் அப்பா தன் பிள்ளைகளுக்காகச் செய்தது என்று சொன்னால் போதும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நாங்கள் பயன்படுத்துவது கிறிஸ் கிளிமாஸ் 2009-ல் வெளியிட்ட ‘ட்வைன்’. இலவசம்; கணினியில் நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை; கதையைத் தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பெட்டி. இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ‘மண்டபம்’ என்று எழுதினால் அது இணைப்பாகிவிடும், அந்தப் பெயரில் புதுப் பெட்டியும் தானே முளைக்கும். முடித்த கதை ஒரே கோப்பாக வரும். அதை அம்மாவின் கைப்பேசியில் பிரவுசரில் திறந்து ஆடலாம்.

ஆனாலும் முதல் வகுப்பில் கணினியைத் தொட விடமாட்டேன், துண்டுச் சீட்டுகள்தான். பக்கத்துக்கு இரண்டு வழி வைத்து ஐந்து முறை பிரித்தால் 32 முடிவுகள், மொத்தம் 63 பக்கங்கள். எழுதிப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு அது உறைக்கும். பிரிந்த பாதைகளை மறுபடி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு மாணவியின் கதையில் பாட்டியின் சுருக்குப்பையிலுள்ள சாவியை எடுத்துக்கொண்டு போய்க் குளக்கரை மண்டபத்தைத் திறக்க வேண்டும். ஆடிய தோழி பாட்டியைக் கண்டுகொள்ளாமல் நேரே மண்டபத்துக்குப் போனாள். கதவு திறந்துகொண்டது. “சாவியே எடுக்கலையே, எப்படிடி திறந்துச்சு?” நிபந்தனைக் கட்டளையைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வேளை ஏது? சாவி கையில் இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் வேறு வரி என்று அந்த மாணவி அன்றே எழுதி முடித்தாள்.

அதே தோழி இன்னொன்றும் கேட்டாள்: “அழகான மண்டபம்னு போட்டிருக்கே, உள்ளே என்னதான் இருக்கு?” கட்டுரை நோட்டில் ‘அழகான’ என்ற சொல்லை எத்தனை பேருக்குச் சுழித்திருப்பேன்! ஒருவரும் மாற்றியதில்லை. ஆனால் தோழி கேட்டதும் கதையை எழுதியவள் தூண், வௌவால் எச்சம், அணைந்த அகல் என்று எழுதினாள். அகலைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவும் வேண்டியிருந்தது. அதனால்தான் இதைக் கணினிப் பாடவேளையில் மட்டும் அடைக்காதீர்கள் என்று தமிழாசிரியர்களிடம் கேட்கிறேன்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். தவறான வழியைத் தொட்டதும் ‘நீ செத்தாய்’ என்று முடிக்கக் கூடாது. ஆபத்து முன்பே கதையில் தெரிந்திருக்க வேண்டும். பையன்கள் இதற்குத்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள். ஆனால் அடுத்தவன் கதையில் காரணமில்லாமல் செத்துப்போனால், முதலில் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கத்துவதும் அவர்கள்தான்.