ஓட்டத்துக்கு முன் ஒரு கணக்கு!

பட்டாளத்தில் சேரத் துடிக்கும் தம்பி! தென்னேரி ஏரிக்கரையிலே ஓடிப் பழகு, வேண்டாமென்பார் யார்? ஆனால் எதற்காக ஓடுகிறோம், எத்தனை ஆண்டுக்காக ஓடுகிறோம் என்ற கணக்கையும் பார்த்துவிட்டு ஓடு!

முதலாவது, தரகன் கணக்கு. "கோட்டையிலே எனக்கு ஆள் தெரியும், பணம் எடு" என்று ஒருவன் வருவான். நம்பாதே! நம் உத்திரமேரூரில், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்திலே, வாரியத்துக்கு வருபவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று கல்லிலே வெட்டி ஊரறிய வைத்தார்கள். தகுதி ஊரறிய இருக்குமிடத்தில் தரகனுக்கு என்ன வேலை? இராணுவமும் தகுதியை எழுதித்தான் வெளியிடுகிறது. பொதுப்பணி வீரனுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடு. தமிழ்நாட்டு இளைஞனுக்கு உயரம் 166 சென்டிமீட்டர். கணினிவழித் தேர்வை 2025 முதல் தமிழிலேயே எழுதலாம். அடுத்து 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் முழு மதிப்பெண் 60. கம்பியைப் பிடித்து உடலைப் பத்து முறை தூக்கினால் 40. ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். கடைசியில் மருத்துவச் சோதனை. தரகனிடம் கொடுத்த பணம் உனக்காகப் பள்ளம் தாண்டுமா?

இரண்டாவது, பாசறைக் கணக்கு. மதராஸ் ரெஜிமெண்டில் இடம் கிடைத்தால் நீலகிரி வெலிங்டனில் ஏறத்தாழ ஆறு மாதம் பயிற்சி. 1758இல் தோன்றிய படை அது. வயல்வெளியில் வளர்ந்த உடலை மலைக்குளிர் உலுக்கும். முதல் வேலையாக முடியை ஒட்ட வெட்டுவார்கள். விடியுமுன் எழுப்புவார்கள். உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி, தடை தாண்டல் என்று பொழுது போகும். ஒருவன் தவறினால் குழுவே ஓட வேண்டியும் வரும். கட்டளை இந்தியில் வரும்: 'சாவ்தான்' என்றால் நிமிர்ந்து நில், 'விஷ்ராம்' என்றால் தளர்ந்து நில். வேலைக்கு வேண்டிய சொல், கற்றுக்கொள். ஆனால் போர்முழக்கம் எது தெரியுமா? "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" தென்னாட்டான் போருக்கு ஆகான் என்று ராபர்ட்ஸ் போன்ற வெள்ளைத் தளபதிகள் ஒதுக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே தென்னாட்டானை மீண்டும் படையில் சேர்த்தார்கள்! ஆகவே, முதல் மாதம் வீட்டு நினைவு வாட்டும்போது ஓடி வந்துவிடாதே. உடல் பழகும், உள்ளமும் பழகும்.

மூன்றாவது, முக்கியமான கணக்கு. முன்னே சேர்ந்த சிப்பாய் 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் பெற்றான். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பயிற்சியும் சேர்த்து நான்கே ஆண்டு! நால்வரில் ஒருவருக்கு மேல் நிலைப்பதற்கு உறுதி இல்லை. திட்டம் வந்தபோது அறிவித்தபடி முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவை நிதிக்குப் போகும். முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 இலட்சம் கிடைக்கும்; அரசு போடும் அளவுக்கு உன் கூலியிலிருந்தும் பிடித்துச் சேர்த்த பணம் அது! வெளியேறுவோருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை.

ஒரகடத்து ஆலை வாசலிலே ஒப்பந்தத் தொழிலாளி படும் பாட்டை அறிந்த தோழர்களே! நாட்டுக்கு உயிரையே பணயம் வைப்பவன், "நாலாண்டுக்குப் பின் என் நிலை என்ன?" என்று கேட்பது கோழைத்தனமா? உழைப்பவன் கேட்க வேண்டிய முதற்கேள்வியே அதுதான்!

போக வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படி. அங்கிருக்கும்போதே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பெறு. ஓட்டுநர், மின்பணி என்று ஒரு தொழிலைக் கற்றுக்கொள். சேவை நிதியைக் கல்யாணப் பந்தலிலே கரைத்துவிடாதே. இருபத்தைந்து வயதுக்குள் சீருடையைக் கழற்ற நேர்ந்தாலும், நிமிர்ந்த நெஞ்சோடும் கைத்தொழிலோடும் ஊர் திரும்பு!