ஜவ்வு கிழிந்தால் எலும்புக்கு என்ன?

கால்பந்து ஆடும்போது சட்டென்று திரும்புகிறீர்கள். பாதம் தரையில் ஊன்றி நிற்கிறது, முட்டி மட்டும் முறுக்கிக்கொள்கிறது. உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம், சற்று நேரத்தில் வீக்கம். “ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்திருக்கிறது” என்பார் டாக்டர். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் தொடை எலும்போடு பிடித்துவைப்பது இந்த ஜவ்வுதான்.

கிழிந்தது ஜவ்வு. ஆனால் பக்கத்திலிருக்கும் எலும்பும் மாறத் தொடங்குகிறது!

அடுத்த முறை வீட்டில் நல்லி எலும்பு வாங்கினால் அதன் முனையை உற்றுப் பாருங்கள். மேலே வழவழப்பான வெள்ளைப் பூச்சு இருக்கும்; அது குருத்தெலும்பு. அதன் அடியில் மெல்லிய எலும்புத் தகடு. அதற்கும் கீழே, வெட்டுப்பட்ட இடத்தில், தேனடைபோல ஓட்டை ஓட்டையாக ஒரு வலை தெரியும். நம் முட்டிக்குள்ளும் இதே அமைப்புதான். வலையின் ஒவ்வொரு இழையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிமன்தான். நாம் குதிக்கும் பாரத்தையெல்லாம் குருத்தெலும்போடு சேர்ந்து தாங்குவது இந்த மெல்லிய இழைகள்!

இந்த வலையில் ஓயாமல் வேலை நடக்கிறது. ஒரு வகை செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன, இன்னொரு வகை புதிதாகக் கட்டுகின்றன. பாரம் விழும் விதத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மனியின் ஜூலியஸ் வோல்ஃப் என்ற மருத்துவர் 1892இல் ஒரு நூலே எழுதினார்.

ஜவ்வு கிழிந்ததும் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. இடிபட்ட எலும்பு உள்ளே கன்றிப்போகிறது. மூட்டில் அழற்சி உண்டாகிறது. வலிக்குப் பயந்து காலைச் சரியாக ஊன்றாமல் நடக்கிறோம். கரைக்கும் செல்களின் கை ஓங்கிவிடுகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிக நுண்ணியதையும் காட்டும் ஸ்கேன் கருவியில் ஜவ்வு கிழிந்தவர்களின் முட்டியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். முதல் ஓராண்டுக்குள்ளேயே அடிபட்ட முட்டியில் எலும்பு குறைந்திருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இவ்வளவு நுட்பமான மாற்றம் பிடிபடாது.

பல ஆண்டுகள் போனபின் கதை தலைகீழாகிறது. குருத்தெலும்பின் அடியிலுள்ள தகடு தடித்து இறுகுகிறது, மூட்டின் ஓரங்களில் எலும்பு முள்போல வளர்கிறது, குருத்தெலும்பு தேய்கிறது. பாட்டிகள் சொல்லும் 'மூட்டுத் தேய்மானம்' இதுதான். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அதனால் அது தேயத் தொடங்குவது நமக்கு வலியாகத் தெரிவதில்லை.

ஏ.சி.எல். கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது. 15 வயதில் அடிபட்டவருக்கு 30, 35 வயதிலேயே அது வரலாம்! எலும்பில் நடப்பதுதான் குருத்தெலும்பைக் கெடுக்கிறதா, இரண்டும் சேர்ந்தே கெடுகின்றனவா என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது. விடை கிடைத்தால் தேய்மானத்தை முளையிலேயே தடுக்க வழி பிறக்கும்.

விளையாட்டை விட்டுவிடாதீர்கள். ஆனால் மைதானத்தில் இறங்கியதும் பந்தைத் தேடி ஓடாமல், குதித்துச் சரியாகத் தரையிறங்கவும் ஒற்றைக்காலில் நிலையாக நிற்கவும் முதலில் பழகுங்கள். இந்தப் பயிற்சிகள் முட்டிக் காயங்களைக் குறைக்கின்றன. அடிபட்டுவிட்டால், வீக்கம் வடிந்ததுமே ஆடப் போகாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை முழுதாக முடித்துவிட்டு இறங்குங்கள்.